பருவத்தின் மேல் பழி போடாதீர்கள்

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமலே கைகூப்புப் படம் போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே என் வணக்கம்.

போன வாரம் பித்தளைக் குடம் கழுத்தோரம் தானாக விரிவதைப் பற்றி நாலு வரி எழுதினேன். தகட்டை அடித்து உருவாக்கியவர் கடைசியில் சூடு காட்டாமல் விட்டதுதான் காரணம், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கும் இதே கதைதான் என்று முடித்திருந்தேன். அதற்கு வந்த பதில்களில் மூன்றை என்னால் சும்மா விட முடியவில்லை.

ஒருவர் எழுதுகிறார்: "சார், பித்தளையைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும். கொல்லர் அரிவாளுக்குச் செய்வதும் அதுதானே?"

இன்னொருவர்: "மழைக்காலத்தில் பித்தளை வெடிக்கும். ஆங்கிலத்தில் அதற்கு சீசன் கிராக்கிங் என்றே பெயர். பருவம்தான் காரணம்."

மூன்றாமவர்: "வாத்தியாருக்குத் தோட்டாவைப் பற்றி என்ன பேச்சு?"

முதலில் மூன்றாமவருக்குச் சொல்லிவிடுகிறேன். ஐயா, நான் இடைநிலை ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன், பொறியாளன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியிருக்கிறேன். பித்தளை என்ற உலோகத்தின் குணத்தை ஒரே பொருளில் காட்டு என்று என்னைக் கேட்டால் தோட்டாக்கூட்டைத்தான் காட்டுவேன். சொம்பில் தெரியாதது, குத்துவிளக்கில் தெரியாதது அதில் தெரியும். கொலைக் கருவி என்பதால் அதன் பக்கமே பார்க்க மாட்டேன் என்றால் பாதி உலோகவியலை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

ஆசை வருகிற பிள்ளைகளுக்கு இப்போதே ஒரு வார்த்தை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். காலிக்கூடு கிடைத்தது, அடைத்துப் பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ரைபிள் தோட்டாவின் கூடு நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. இந்தக் கலவைக்கே தோட்டாப் பித்தளை என்றுதான் ஆங்கிலத்தில் பெயர். தகட்டிலிருந்து வட்டமாக ஒரு வில்லை வெட்டி, அதைக் கிண்ணம்போல் அழுத்தி, பிறகு படிப்படியாக இழுத்து நீட்டிக் குழாயாக்குகிறார்கள். ஒரே மூச்சில் இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் ஓர் இழுப்பு, பிறகு உலை. மறுபடி ஓர் இழுப்பு, மறுபடி உலை. அந்த உலைச் சூட்டுக்குத்தான் அனீலிங் என்று பெயர். சூடு காட்டி இளக்குவது என்று தமிழில் சொன்னால் போதும்.

கடைசியில் கிடைப்பது ஒரே துண்டு உலோகம். ஆனால் அதற்கு இரண்டு குணம். அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். கழுத்தும் தோளும் இளகி இருக்க வேண்டும். சுடும்போது உள்ளே எழும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? .308 வின்செஸ்டர் என்ற வகைக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம். அதைப்போல் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. அந்த நொடியில் கழுத்து விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு புகை பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அடிப்பாகமோ விரியாமல் தாங்க வேண்டும். அதன் பின்னால்தான் சுடுகிறவரின் முகம் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது "காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும்" என்ற முதல் ஆளுக்கு.

தம்பி, நீ சொல்வது எஃகுக்குச் சரி. எஃகில் கரி இருக்கிறது. சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிர வைத்தால் அந்தக் கரி வெளியேற நேரமில்லாமல் இரும்பின் அணு அடுக்குக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் கொல்லர் தோய்ச்சல் கொடுத்த அரிவாள் கெட்டியாகிறது. பித்தளையில் அப்படிச் சிக்கிக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த எழுபது-முப்பது பித்தளை கெட்டியாவதற்கு ஒரே வழி அடிப்பதும் வளைப்பதும் இழுப்பதும்தான். சூடு அதை இளக்கும். இளக்கிய பிறகு தண்ணீரில் போட்டாலும் சரி, திண்ணையில் வைத்து ஆற விட்டாலும் சரி, மென்மையில் சொல்லும்படியான மாற்றம் வராது. தண்ணீரில் போடுவதால் ஒரே லாபம், சூடு மேலும் பரவாமல் நிற்கும், உடனே கையில் எடுக்கலாம்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தையல் ஊசி, ஒரு துண்டுச் செம்புக் கம்பி. வயரிங்குக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தால் மேலே இருக்கும் பிளாஸ்டிக்கை முழுதும் உரித்துவிடுங்கள், ஒற்றைக் கம்பியாக இருக்கட்டும். கம்பியை ஒரே இடத்தில் பத்துத் தடவை வளைத்து நிமிர்த்துங்கள். முதல் வளைப்பு வெண்ணெய். போகப்போக விரல் வலிக்கும். கம்பி முறுக்கேறிவிட்டது. இப்போது இடுக்கியில் பிடித்து அடுப்புச் சுடரில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போடுங்கள். எடுத்து வளைத்தால் மறுபடி வெண்ணெய். அதே சுடரில் ஊசியைச் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போடுங்கள். துணி சுற்றிப் பிடித்து வளைத்தால் கண்ணாடிபோல் படக்கென்று ஒடியும். அதே அடுப்பு, அதே தண்ணீர், நேர் எதிரான பலன். குழந்தைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். செலவு பத்து ரூபாய் ஆகாது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. உலோகங்கள் பாடத்தில் நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், தகடாக அடிக்கலாம், கம்பியாக நீட்டலாம். பிள்ளை எழுதுகிறான், இரண்டு மதிப்பெண் போடுகிறோம். எத்தனை அடி அடிக்கலாம் என்று யாராவது கேட்டோமா? ஏதோ ஓர் அடியில் அது விரியும், அதற்கு முன் அதற்குச் சூடு காட்ட வேண்டும் என்று எந்த வகுப்பில் சொன்னோம்? தகடாக அடிக்கலாம் என்பது பாதி உண்மை. அடிக்க அடிக்க முறுக்கேறும் என்பது மறுபாதி. அந்த மறுபாதி தெரியாததால்தான் படித்த இளைஞன் அரிவாளின் விதியைப் பித்தளைக்குப் பொருத்துகிறான்.

தெரியாமல் பொருத்தினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கேளுங்கள்.

அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் கூட்டைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்பிக்கொள்வது பலருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் அங்கே குறி சுடும் மன்றத்துக்குப் போகிறவன், அவனும் செய்கிறான். தோட்டாவில் விலை கூடிய பாகம் கூடுதான். அதைப் பத்துத் தடவை பயன்படுத்தினால் பணம் மிச்சம். தயாரிப்பு வேலை பொறுமையானது. கூட்டைக் கழுவி, அடியிலிருக்கும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, வீங்கிய உடலை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நீண்டுபோன கழுத்தை அளவுக்கு வெட்டி, வாய் ஓரத்துப் பிசிறை வழித்து, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

சுடும்போது கழுத்து விரிகிறது. அச்சில் அழுத்தும்போது சுருங்குகிறது. அப்புறம் குண்டை உட்கார வைக்கும்போது மறுபடி கொஞ்சம் விரிகிறது. நம் செம்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தியது போலத்தான். சில சுற்றுகளில் கழுத்து முறுக்கேறி, அச்சிலிருந்து வெளியே வந்ததும் திமிறிக்கொண்டு பழைய அளவை நோக்கி விரியும். ஒரு கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தளர்த்திப் பிடிக்கும். குறி சிதறும். பிறகு ஒரு நாள் கழுத்து நெடுக விரியும். அதனால்தான் சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும் சூடு காட்டுகிறார்கள்.

"மட்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் கூட்டைப் பாதியளவு தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்து, வெளியே தெரியும் கழுத்தில் சுடர் காட்டித் தட்டி விழச் செய்வார்கள். அடிப்பாகம் தண்ணீரில் இருப்பதால் சூடாகாது. இப்போது சுடருக்கு முன் கூட்டைச் சுழற்றும் கருவியும், மின்காந்தத் தூண்டலால் சூடாக்கும் கருவியும் வந்துவிட்டன. குறிப்பிட்ட சூட்டில் உருகும் பூச்சைத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு. கழுத்துக்குள் 400 டிகிரி செல்சியஸுக்கான பூச்சு உருக வேண்டும், உடலின் கீழ்ப்பகுதியில் தடவிய சுமார் 240 டிகிரிப் பூச்சு உருகக் கூடாது. எல்லா முறைக்கும் ஒரே சட்டம்: அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது.

இந்தப் பையனுக்கு அவன் சிநேகிதன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான், பையன் எனக்கு அனுப்பினான். அதில் ஒரு ஆள் பட்டப்பகலில் கூட்டைச் சுடரில் பிடித்துக்கொண்டே இருக்கிறார். ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கிறது. வாளியில் போடுகிறார். சர்ரென்கிறது. "இப்போது இது புதுக்கூட்டை விடக் கெட்டி" என்கிறார்.

அடப்பாவமே! பொருள்கள் இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே ஏறத்தாழ 525 டிகிரியில். பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சாகத் தெரிகிறதென்றால் தேவைக்கு வெகுதூரம் மேலே போய்விட்டது என்று அர்த்தம். உலோகத்தின் மணிகள் பெருத்துவிடும். கழுத்து கொழகொழத்துக் குண்டைப் பிடிக்கும் திராணியை இழக்கும். அவ்வளவு நேரம் பிடித்தால் சூடு கீழேயும் இறங்கும். அடிப்பாகம் இளகிவிட்டால் அந்தக் கூட்டைக் காப்பாற்ற வழியே கிடையாது. ஏனென்றால் அதை மறுபடி கெட்டியாக்க, தொழிற்சாலையில் செய்ததுபோல் அழுத்தி அடிக்க வேண்டும். வாளித் தண்ணீர் அதைச் செய்யாது. இளக்குவது ஒரு நிமிட வேலை, மீட்பது வீட்டில் நடக்காத காரியம். "தண்ணீரில் போட்டுக் கெட்டியாக்கிவிட்டேன்" என்று நம்பி அதை நிரப்பிச் சுடுகிறவர், டயரின் இரண்டாயிரம் மடங்கு அழுத்தத்தை முகத்துக்கு முன்னால் களிமண் சட்டியில் அடைக்கிறார்.

இன்னும் சிலர் கூடுகளை மொத்தமாக அடுக்களை அவனில் வைத்து இளக்கலாம் என்கிறார்கள். அவன் எட்டும் சூட்டில் கழுத்து இளகாது. இளகும் அளவுக்கு உலையில் வைத்தால் அடிப்பாகமும் சேர்ந்து இளகிவிடும். முதலாவது வீண். இரண்டாவது ஆபத்து.

ஆக, வகுப்பில் சொல்லாமல் விட்ட அந்த மறுபாதிக்கு விலை இரண்டு மதிப்பெண் இல்லை. ஒருவருடைய கண்ணாகக்கூட இருக்கலாம்.

இனி பருவத்தின் மேல் பழி போட்டவருக்கு வருகிறேன். இவருக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். ஏனென்றால் இந்தப் பழி நம் மண்ணில்தான் பிறந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த அவன் படைக்குப் பித்தளைத் தோட்டாக்கள் ஏராளம். மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறைவு. மழை ஓயும் வரை தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து திறந்து பார்த்தால், சுடாமலே, யாரும் தொடாமலே கூடுகளில் விரிசல். குறிப்பாகக் கழுத்தைக் குண்டின் மேல் இறுக்கிய இடத்தில். மழைக்காலத்தில் நேர்ந்ததால் சீசன் கிராக்கிங் என்று பெயர் விழுந்தது. காயாத மரம் வெடிப்பதைப்போல் இருந்ததால் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எது உண்மையானாலும் பழி போய் விழுந்த இடம் ஒன்றுதான். ஒன்று வானிலை, இல்லையென்றால் உலோகத்தின் தலைவிதி. செய்தவன் தப்பித்துக்கொண்டான்.

1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றில் கலந்து பித்தளையைத் தாக்குகிறது. ஆனால் அமோனியா மட்டும் விரிசல் போடாது. கூட்டை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. வெளியே பார்த்தால் பளபளவென்று அமைதியாக இருக்கும், உள்ளே முறுக்கிய கயிறுபோல் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுவிசை இருக்கும் இடத்தில் அமோனியா பட்டால் மணிகளின் எல்லை வழியே விரிசல் ஓடும்.

அதாவது மூன்றும் சேர வேண்டும். துத்தநாகம் கூடிய பித்தளை, உள்ளே தங்கிய இழுவிசை, ஈரத்தோடு அமோனியா. ஒன்றை எடுத்துவிட்டால் விரிசல் இல்லை. இந்த மூன்றில் மழை எங்கே குற்றவாளி? அது ஈரம் கொடுத்தது, அவ்வளவுதான். நம் மழை லட்சம் வருடமாகப் பெய்கிறது. பெட்டியை லாயத்தில் வைத்தது மழையா? இழுவிசையைப் போக்காமல் தொழிற்சாலையிலிருந்து அனுப்பியது மழையா?

அந்த இழுவிசையைப் போக்குவது பெரிய வித்தையும் இல்லை. சுமார் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். இதை முன்னால் சொன்ன இளக்கலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இளக்கலுக்கு அதைவிட நல்ல கூடுதல் சூடு வேண்டும். இந்த மிதமான சூட்டில் பித்தளை தன் கெட்டித்தனத்தை இழப்பதில்லை. உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் விசை மட்டும் தணிகிறது. ஒரு மணி நேரச் சூட்டில் தீர்ந்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு ஊரின் பருவத்தைக் குற்றம் சொன்னார்கள். காரணம் தெரிந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. பெயர் இன்னும் மாறவில்லை. அந்தப் பெயரைக் காட்டி என்னிடம் வாதாட நம் ஆளே வருகிறார்!

தோட்டா உங்களுக்கு வேண்டாம் என்றால் வீட்டுக்கு வாருங்கள். கல்யாணச் சீராக வந்த குடம் நாலு வருடத்தில் கழுத்தோரம் விரிகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோனால், "உங்க ஊர்த் தண்ணி அப்படிம்மா", "புளி போட்டு ரொம்பத் தேய்ச்சிருப்பீங்க" என்கிறார். வாங்கியவர் தலைகுனிந்து பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிட்டு வருகிறார். யாரும் செய்தவரைக் கேட்பதில்லை. தகட்டை அழுத்தி, கழுத்தை ஒடுக்கி, வாயை மடக்கிய பிறகு கடைசியாக ஒரு சூடு காட்டினீர்களா என்று கேட்க ஆளில்லை. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வைத்த குடம் சீக்கிரம் விரிவதாகப் பெரியவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள். குதிரை லாயத்தில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது. தொழுவம் குற்றத்தை வெளியே கொண்டுவருகிறது. குற்றம் நடந்தது பட்டறையில்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குபோல் வார்த்து எடுக்கும் சாமான்களுக்கு இந்தக் கதை பொருந்தாது; உருக்கி வார்த்ததில் அடித்த முறுக்கு இல்லை. தகட்டு வேலைக்குத்தான் இது. தகட்டு வேலையில் நல்ல கைகளும் நம் நாட்டில் உண்டு. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரின் தட்டேராக்கள் என்ற பாத்திரக் கைவினைஞர்களின் தொழிலை 2014இல் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. காய்ச்சுவார்கள், அடிப்பார்கள், சூட்டின் அளவைக் கவனமாகக் கட்டுக்குள் வைப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருமுனையில் இருந்த கன்னார் பட்டறையிலும் சுத்தியல் சத்தம் நின்று நின்றுதான் வரும். நின்ற நேரமெல்லாம் பாத்திரம் நெருப்பில் இருந்த நேரம். நெருப்புக்கு நேரம் ஆகும், கரி ஆகும், கூலி ஆகும். விலையைக் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசும்போது முதலில் வெட்டு விழுவது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடைசிச் சூட்டில்தான். இதில் வாங்குகிறவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு.

முடிவாக நான் கேட்பது மூன்று.

ஆசிரியர் நண்பர்களே, உலோகங்கள் பாடம் வரும்போது ஊசியையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். பாடப்புத்தகம் எழுதும் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் "தகடாக அடிக்கலாம்" என்ற வரிக்குக் கீழே "அடிக்க அடிக்க முறுக்கேறும், சூடு காட்டினால் இளகும்" என்று ஒரு வரி சேருங்கள்.

கடல் கடந்து இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நம் பிள்ளைகளே, சூட்டை அளந்து காட்டுங்கள், கழுத்தோடு நிறுத்துங்கள். அடிப்பாகம் சூடானதாகச் சந்தேகம் வந்தால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அமோனியா கலந்த மெருகுத் திரவத்தைக் கூட்டின் அருகே கொண்டுபோகாதீர்கள். ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

குடம் வாங்கும் தாய்மார்களே, அடுத்த தடவை கடைக்காரர் உங்கள் ஊர்த் தண்ணீரைக் குற்றம் சொன்னால், "கடைசிச் சூடு காட்டினதா இது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாமல் அவர் விழிப்பார். விழிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் பட்டறையில் போய்க் கேட்பார்.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஆனால் கம்பியையும் ஊசியையும் அடுப்பில் காட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.